ஐந்து வீட்டு மா

விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: "உற்பத்தி நடைபெறும் இடம்." எதிரே ஒரேயொரு முகவரி எழுதத்தான் இடம் விட்டிருந்தார்கள். அதை நிரப்ப எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. ஐந்து வீடுகளில் எது சுத்தமோ அந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். எழுதிவிட்டுப் பெருமைப்பட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் எங்கள் மாவட்ட வர்த்தகர் சம்மேளனத்தில் சேர்ந்து எட்டு மாதம். பட்டம் முடித்து, பாலையூற்று வீட்டில் சும்மா இருந்து, அம்மாவோடு தினமும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த வேலை. திருகோணமலை நகரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. கடைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர்கள், படகு இயந்திரம் திருத்துகிறவர்கள், சின்ன விடுதி நடத்துகிறவர்கள் எல்லாம் எங்கள் அங்கத்தவர்கள். அவர்களுக்கு வங்கிக்கொரு பரிந்துரைக் கடிதம், கொழும்புக் கண்காட்சியில் ஒரு மேசை, மின்சாரம் அடிக்கடி நிற்கிறது என்று அரசாங்க அதிபரின் கச்சேரிக்கொரு முறைப்பாடு, பொதியில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று ஒரு வகுப்பு. இதுதான் வேலை. எனக்கு இது பெரிய வேலையாகத் தெரிந்தது. ஒரு கடிதத்தால் ஒரு தொழில் எழும்பிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

எங்கள் செயலாளர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். நான் வாரத்துக்கு மூன்று தரம் மூதூர்ப் பக்கம் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துவிட்டு, "புள்ள, நீ ஓடுற ஓட்டத்துக்குக் கடல்ல ரோட்டுப் போட்டாலும் காணாது" என்பார்.

அப்படி ஓடிய ஓட்டத்தில்தான் கட்டைபறிச்சானில் அந்த ஐந்து பெண்களையும் கண்டேன். சிவப்பரிசி மா வறுத்து, பொலித்தீன் பையில் கட்டி, மூதூர்க் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மா ஐந்து வீடு நடக்கும். முதல் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் நல்லது. அங்கே அரிசி ஊறி வடியும். இரண்டாவது வீட்டு அக்கா அதைச் சைக்கிளில் கட்டி ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்து வருவார். மூன்றாவது வீட்டில் வறுப்பு. நான்காவது வீட்டில் ஆறவைத்து அரிப்பார்கள். ஐந்தாவது வீடு மட்டும் சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையுமாக இருந்தது. அங்கே நிறுத்துப் பொதி செய்வார்கள். வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு மூட்டை காலையிலிருந்து பின்னேரம் வரை வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து நான் சிரித்தேன்.

ஐந்து வீட்டுக்கும் போனேன். எத்தனை கிலோ, எத்தனை மணித்தியாலம், என்ன பாத்திரம் என்று கேட்டுக் குறித்தேன். வறுக்கிற அக்காவின் குசினி மண் தரை, ஓலைக் கூரை, விறகு அடுப்பு. குசினியிலிருந்து உள்ளறைக்குக் கதவில்லாத ஒரு வாசல். அந்த அறைக் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "சுகமா இருக்கிறீங்களோ அண்ணா?" என்று கேட்டேன். "ஓம், இருக்கிறம்" என்றார். பிறகு நான் கூரையைப் பார்த்தேன். கொப்பியில் "இடம் பொருத்தமில்லை" என்று எழுதினேன்.

அந்த மாவில் ஏதோ இருந்தது. நகரத்தில் உற்பத்தியாளர்களுக்காக நாங்கள் வைத்த சந்திப்புக்கு, கடற்கரை விடுதியொன்றின் தலைமைச் சமையற்காரர் வந்திருந்தார். மேசை மேசையாகப் பார்த்து வந்தவர் இவர்களுடைய பையைத் திறந்து, இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்து, மணந்து, "இது யார் வறுத்தது?" என்று கேட்டார். வறுக்கிற அக்கா வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்று நானும் விசாரிக்கவில்லை.

"கிழமைக்கு முப்பது கிலோ எடுக்கலாம்" என்றார் அவர். "ஆனா பி.எச்.ஐ. பேப்பர் இல்லாம எங்கட கேட்டுக்குள்ள ஒரு பையும் வரேலாது."

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்து அனுமதி தர வேண்டும். அதற்குத்தான் அந்தப் படிவம். அதற்குத்தான் அந்த வரி.

சீமெந்து வீட்டில் ஐந்து பேரையும் கூப்பிட்டு வைத்து, பெரிய தாளில் மார்க்கரால் கீறிக் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் பத்தி இறக்கி அங்கே அடுப்பு, பக்கத்தில் அரிக்கிற மேசை, முன்னறையில் பொதி. எல்லாரும் ஒரே இடத்தில். நேரம் மிச்சம், அலைச்சல் இல்லை, சுத்தம். எங்கள் அங்கத்தவர் ஒருவருடைய இரும்புக்கடையிலிருந்து பத்திக்குத் தகரம் தருவதாகவும் பேசியிருந்தேன்.

வறுக்கிற அக்கா அன்றைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து வாசலோடு நின்றார். "அப்ப நான் இஞ்ச வந்து வறுக்க வேணுமோ?"

"ஓம் அக்கா. நடக்கிற தூரம்தானே."

"ஓம்" என்றார். "நடக்கிற தூரம்தான்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பி.எச்.ஐ. வந்தார், பார்த்தார், தலையாட்டினார். அனுமதி சீமெந்து வீட்டு அக்காவின் பெயரில் வந்தது. அவருடைய விலாசத்தோடு லேபிள் அடித்தோம். நான் சமர்ப்பித்த அறிக்கையை வைத்து, இடத்தைப் பார்த்து உறுதிப்படுத்தினோம் என்று சம்மேளனம் விடுதிக்குக் கடிதம் கொடுத்தது. செயலாளர் கையெழுத்திட்டார். முதல் முப்பது கிலோ போன அன்று நான் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது கிழமையில் சீமெந்து வீட்டு அக்கா தொலைபேசியில் சொன்னார்: "அவ இனி வரமாட்டாவாம், மிஸ். வீட்டில வேலையாம். நான் வறுக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்து கொடுத்தும் ஒரு ஆள் பொறுப்பில்லாமல் நிற்கிறாரே என்று. கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே "ஈடுபாடு குறைவு" என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழிக்க மனமில்லை.

அடுத்து விடுதியிலிருந்து அழைப்பு. "மிஸ், இந்த மா பச்சை மணம். புட்டு கட்டிபடுது. இன்னும் ஒருக்காப் பார்ப்பன், அதோட விட்டிடுவன்." நான் கட்டைபறிச்சானுக்கு அழைத்துப் படபடவென்று சொன்னேன். "பார்க்கிறம் மிஸ்" என்று மட்டும் பதில் வந்தது. பத்து நாள் கழித்து அதே சமையற்காரர், "இப்பச் சரி. பழைய ஆள் திரும்பி வந்திட்டாபோல" என்றார். "ஓம் ஓம், வந்திட்டா" என்றேன், எதுவும் தெரியாமலே.

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கியது. எங்கள் தலைவர், அதே இரும்புக்கடைக்காரர், என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, நாங்கள் செய்த வேலை எண்டு காட்ட ஒரு கதை வேணும். அந்த மாக்காரப் பொம்பிளையளை எழுதுங்கோ. அடுப்பைச் சுத்தி ஐஞ்சு பேரும் சிரிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி ஒரு படம்" என்றார்.

நான் சொல்லாமல் கொள்ளாமல் படம் எடுக்கப் போனேன்.

சீமெந்து வீட்டு அக்கா என்னைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி ஊற்றினார், கோப்பைக்குக் கீழே பீரிசும் வந்தது. முன்பெல்லாம் கிளாசில்தான் தருவார். கதை நீண்டுகொண்டே போனது: மழை, பஸ், மகளின் சோதனை. நான் எழும்பிப் பின்பத்திக்குப் போனேன். எங்கள் தகரத்துக்குக் கீழே, எங்கள் அடுப்புக்குள், சாம்பலில் வைக்கோல் போட்டு ஒரு கோழி படுத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிறகை உப்பியது.

"அடைக்குக் கிடக்குது, மிஸ். கிட்டப் போகாதேங்கோ, கொத்தும்."

"இண்டைக்கு வறுக்கேல்லையா அக்கா?"

"விடியவே வறுத்து முடிச்சிட்டம்."

"கோழி எத்தனை நாளாப் படுத்திருக்கு?"

அவர் கணக்குப் பார்த்தார். உண்மையாகவே விரல் மடித்தார். "ஒரு பன்ரெண்டு நாள் வரும்" என்றவர், சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கோழி கொக்கரித்தது.

ஒழுங்கையில் இறங்கியதுமே மணம் வந்தது. மூன்றாவது வீட்டில் வறுக்கிற அக்கா தாச்சியில் அகப்பையைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு நிறுத்தவில்லை.

"வாங்கோ பிள்ளை. எப்ப வருவியள் எண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். அந்தப் பலகையில இருங்கோ, இப்ப விட்டா அடிப்பிடிச்சிடும்."

நான் நின்றேன். அவர் மாவைக் கொஞ்சம் எடுத்து நிலத்தில் கிடந்த தட்டில் விரல்களுக்கிடையால் விட்டு ஒரு கோடு இழுத்தார். கோடு இடையில் முறிந்தது, பதம் வரவில்லை. மறுபடி கிளறினார். பிறகு திடீரென அகப்பையை வைத்துவிட்டுத் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்த வாசலால் உள்ளே போனார். கணவரைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து மற்றப் பக்கம் திருப்பினார், முதுகைப் பார்த்தார், துணியைச் சரி செய்தார், வந்து கையைக் கழுவி மறுபடி தாச்சியை ஏற்றினார். எல்லாம் மூன்று நிமிடம் இருக்கும்.

"ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்றார். "இல்லாட்டி புண் வரும். ஒருக்கா வந்தது, மாறப் பாதி வருசம் எடுத்தது. அங்க வறுத்த ஒன்பது நாளும் ஓடி ஓடித்தான் வந்தனான். ஒன்பதாம் நாள் தண்ணிக்குக் கையை நீட்டி இவர் கீழ விழுந்து கிடந்தார். நான் வரேக்க நிலத்தில கிடந்துகொண்டு சிரிக்கிறார், நான் பயப்பிடுவன் எண்டு."

"நீங்கள் ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்ல?"

"நீங்கள் படம் கீறிக்கொண்டெல்லோ வந்தனீங்கள். அவ்வளவு சந்தோசமா நிண்டனீங்கள். அதில போய் என்னத்தைச் சொல்லுறது."

ஐந்து வீட்டுக்கும் அப்படியொரு காரணம் இருந்தது. ஒரு வீட்டில் கறவை மாடு, ஒரு வீட்டில் நினைவு தடுமாறிய தாய். ஒருவரும் தன் வீட்டை விட்டு நாள் முழுக்க வெளியே நிற்க ஏலாது. அதனால்தான் மா நடந்தது. ஆட்கள் நகர ஏலாத இடத்தில் மூட்டையை நகர்த்தியிருக்கிறார்கள். அதை ஒழுங்கில்லாத வேலை என்று நினைத்து, நான் ஒழுங்கு செய்துவிட்டேன். மற்ற நாலு பேரும் எப்படியோ ஒருவருக்கொருவர் மாற்றிச் சமாளித்தார்கள். இவருக்கு மட்டும் மாற்ற ஆளில்லை. இப்போது விடியும் முன் மாவை இங்கே கொண்டுவந்து, பகலில் வறுத்து, சாக்கால் மூடிக் கொண்டுபோகிறார்கள். மறைப்பது பி.எச்.ஐ.யிடமிருந்து மட்டுமல்ல, என்னிடமிருந்தும்தான். பீரிசோடு வந்த தேத்தண்ணியின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. நான் அவர்களுக்கு ஒரு அரசாங்கக் கந்தோர் ஆகியிருந்தேன்.

அலுவலகத்தில் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழியைச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அந்தக் கடிதத்தில என்ட கையெழுத்தெல்லோ புள்ள இருக்கு."

"ஓம் சேர்."

"பி.எச்.ஐ. கண்டா ஐஞ்சு பேருக்கும் அனுமதி போகும். நம்ம கடிதம் கொண்டு போற மத்தவங்களையும் இனி ஆரும் நம்பமாட்டாங்க. கண்டாத்தானே. காணும் மட்டும் வாயப் பொத்திக்கிட்டு இரி."

"கண்டா அந்த அக்காவைத்தான் முதலில வெளியில விடுவாங்கள். அவ இல்லாட்டி ஓடரும் இல்ல."

"அப்ப நீ என்ன செய்யப் போற?"

உடனே பி.எச்.ஐ.க்கு அழைத்து, நானே எல்லாவற்றையும் சொல்லி, நானே எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும் என்று கை துடித்தது. கைப்பேசியில் இலக்கத்தைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு வைத்தேன். அந்த வேகம் எனக்குப் பழக்கமான வேகம். மார்க்கரைப் பிடித்திருந்த அதே கைதான் அது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மூன்றாவது வீட்டுக் குசினி வாசலில் ஐந்து பேரும் இருந்தார்கள். இரண்டாவது வீட்டு அக்கா என் பையை எட்டிப் பார்த்து, "இந்த முறையும் படம் கீறிக்கொண்டு வந்தனீங்களோ மிஸ்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் எரிந்தது.

நான் இரண்டு வழியையும் சொன்னேன். இப்படியே விடலாம், பிடிபட்டால் எல்லாம் போகும். அல்லது இந்தக் குசினியையும் வந்து பார்க்கச் சொல்லி பி.எச்.ஐ.யிடம் கேட்கலாம். அவர் மாட்டேன் என்றால் அன்றைக்கே எல்லாம் நிற்கும். "எது எண்டு நான் சொல்லமாட்டன்" என்றேன்.

"இப்படியே விடுங்கோ" என்றார் சீமெந்து வீட்டு அக்கா. "ஒழுங்கையில ஆர் வந்து எட்டிப் பார்க்கப் போறான்?"

"மிஸ் வந்து பார்த்திட்டாவெல்லோ" என்றார் மாடு வைத்திருக்கிற அக்கா.

"அது உன்ர கோழியால" என்றார் இரண்டாவது வீட்டு அக்கா, சீமெந்து வீட்டு அக்காவைப் பார்த்து.

வறுக்கிற அக்கா சிரிக்கவில்லை. "பையில இருக்கிறது உன்ர பேர்" என்றார் சீமெந்து வீட்டு அக்காவைப் பார்த்து. "ஆரும் வந்தா நீயெல்லோ போய்க் கை கட்டிக்கொண்டு நிக்க வேணும், நான் செய்ததுக்கு. எனக்கு அது வேண்டாம். சாக்கால மூடி மூடி எத்தனை நாளைக்கு? நான் என்ன கள்ளக் கசிப்பா காய்ச்சுறன்?" பிறகு என்னிடம் திரும்பினார். "வரச் சொல்லுங்கோ பிள்ளை. ஆனா அவர் வந்து பார்க்கும் மட்டும் நான் வறுக்கமாட்டன். அந்த விடுதிக்காரருக்கு ஒருக்கா போன் அடிச்சுத் தாங்கோ, நானே சொல்லுறன்."

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்தேன்.

"நான்தான் மா வறுக்கிற ஆள்" என்றார். "கொஞ்ச நாளைக்கு மா வராது. வறுக்கிற இடத்துக்குப் பேப்பர் இல்ல. எடுக்கப் பார்க்கிறம்."

மறுபக்கம் பாத்திரச் சத்தம். "எத்தனை நாள் அக்கா?"

"தெரியேல்ல."

"நான் வேற இடத்தில எடுக்க வேண்டி வரும். அவங்கட மா சரியெண்டா பிறகு மாத்தேலாது. இப்பவே சொல்லிட்டன்."

"எடுங்கோ. அது உங்கட வேலை." அவ்வளவுதான். அழைப்பு நின்றது. நாலாவது வீட்டு அக்கா எழும்பி, தாய் தேடுவார் என்று போய்விட்டார்.

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டுதான் பி.எச்.ஐ.க்குக் கடிதம் எழுதினார். முன்னைய விண்ணப்பத்திலும் கடிதத்திலும் நாங்கள் ஒரு இடத்தை மட்டும் காட்டியது பிழை, வறுப்பது வேறு வீட்டில், அதையும் பரிசோதிக்கும்படி கேட்கிறோம் என்று. "பிழை" என்ற சொல்லை இரண்டு தரம் வெட்டி, மூன்றாம் தரம் அப்படியே விட்டார். விடுதிக்கும் ஒரு பிரதி போனது. பொதுக்கூட்டத்தில் நான் எழுதிய வெற்றிக் கதை இல்லை. தலைவருக்கு என் மேல் மனக்குறை, இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பி.எச்.ஐ. மூன்று கிழமை கழித்து வந்தார். முகத்தில் எரிச்சல். அவரையும் நாங்கள் பிழையாக நம்பவைத்திருந்தோம், எரிச்சல் நியாயம்தான். குனிந்து அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எழுதிக்கொண்டே சொன்னார். தரைக்குச் சீமெந்து. ஓலையை எடுத்துத் தகரம். புகை போக ஒரு குழாய். யன்னலுக்கு வலை. கை கழுவ வெளியே ஒரு குழாய். ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் எங்கள் அங்கத்தவர் ஒருவரை நிறுத்திக்கொண்டு வந்தேன். தகரத்துக்கு இவர், சீமெந்துக்கு அவர்.

பிறகு அந்த வாசலுக்கு வந்தார். உள்ளே கட்டிலைப் பார்த்தார். "இதைக் கல்லுக் கட்டி மூட வேணும். நோயாளி இருக்கிற அறையும் உணவு செய்யிற இடமும் ஒண்டா இருக்கேலாது."

"மூடினா அவரைப் பார்க்கேலாதே, ஐயா" என்றார் அக்கா.

"கதவை வேற பக்கத்தால வையுங்கோ. சுத்திப் போய்ப் பார்க்கலாம்."

"போய்த் திருப்பலாம். இடையில விழுந்தா? போன முறை விழுந்தது எனக்குத் தெரியாது."

பி.எச்.ஐ. பேனாவின் மூடியைக் கடித்தார்.

அக்கா வாசலின் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்தார். "கல்லுக் கட்டுறம். நடுவில ஒரு கண்ணாடி வைச்சா? திறக்காத கண்ணாடி. காத்துப் போகாது, ஈ போகாது. நான் பார்ப்பன், அவர் பார்ப்பார்."

"சத்தம் கேக்காதே" என்றார் பி.எச்.ஐ.

"கையில ஒரு கரண்டியைக் குடுத்து விடுறன். தட்டட்டும்."

பி.எச்.ஐ. பட்டியலைப் பார்த்தார். "திறக்கேலாத கண்ணாடி எண்டா..." என்று இழுத்து, பட்டியலின் கடைசி வரியில் எதையோ வெட்டி எதையோ எழுதினார். "செய்து போட்டுக் கூப்பிடுங்கோ. வந்து பார்த்திட்டுத்தான் சொல்லுவன். இப்ப ஒண்டும் சொல்லேலாது."

அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டியதும், தலைவரின் கடையில் கண்ணாடிக்கு அளவு சொல்ல வேண்டும் என்று நான் அளவு நாடாவை எடுத்தேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டேன். அக்கா பலகையில் இருந்து, கிளறுகிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அடுப்புக்கரியால் வாசல் நிலையில் ஒரு கோடு போட்டார். பிறகு உள்ளே போய்க் கணவரை மற்றப் பக்கம் திருப்பி விட்டு வந்து மறுபடி இருந்து பார்த்தார்.

"இப்ப முதுகுதான் தெரியுது" என்றார். "கட்டிலைத் திருப்பிப் போட வேணும்."

"என்ர மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு வறுத்தா மா கருகிப் போகும்" என்று உள்ளேயிருந்து அவர் சொன்னார்.

"நீங்கள் சும்மா கிடவுங்கோ." என்னைப் பார்த்து, "பிள்ளை, அந்தப் பக்கம் பிடியுங்கோ."

கட்டிலை அவரோடு சேர்த்து இருவருமாகத் தூக்கினோம். நினைத்ததைவிடப் பாரம். சுவரோடு இடித்து, மறுபடி இழுத்து, மூன்றாம் தரம்தான் சரிவந்தது. அக்கா போய்ப் பலகையில் இருந்தார். நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லும் வரை காத்துக்கொண்டு நின்றேன்.